கையால் வளர்ந்த பிள்ளை



ஆங்கில நாவல் ஒன்றைப் பற்றித் தமிழில் பேசுங்கள் என்று அழைத்தபோது வேறு நாவல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் 27ஆம் அத்தியாயம் வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். கிராமத்துக் கொல்லன் ஜோ, தான் வளர்த்த பிள்ளையைப் பார்க்க லண்டனுக்கு வரும் அத்தியாயம் அது. பிள்ளை இப்போது பணக்காரன். ஞாயிற்றுக்கிழமை உடுப்பை மாட்டிக்கொண்டு, விறைத்த காலர் கழுத்தை அறுக்க, ஜோ மாடிப்படி ஏறி வருகிறான். கதவில் எழுதியிருக்கும் பெயரின் மேல் அவன் விரல் எழுத்தெழுத்தாக ஊர்ந்துபோகும் சத்தம் உள்ளே இருப்பவனுக்குக் கேட்கிறது. பணம் கொடுத்து இவனை வராமல் தடுக்க முடியுமென்றால் கொடுத்திருப்பேனே என்று உள்ளே இருப்பவன் நினைக்கிறான்.

ஒருமுறை அந்த அத்தியாயத்தை முடித்ததும் கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி கேட்டாள்: "ஜோவுக்கு ஏன் மேடம் கோபமே வரல?" அவன் நல்லவன், அதனால் வரவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டேன். அது பதிலே இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். இன்றைக்கு அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நாவல் 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை, டிக்கன்ஸே நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் 36 வாரம் தொடராக வந்தது. இதழில் அதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த வேறொருவரின் தொடர்கதை எடுபடாமல் விற்பனை சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்தத்தான் டிக்கன்ஸ் இதை வாரத் தொடராக எழுதத் தொடங்கினார். அவசரத்தில் பிறந்த நாவல் என்று யாராலும் சொல்ல முடியாது. அநாதைச் சிறுவன் ஒருவன் தன் கதையைத் தானே சொல்வதாக முன்பே 'டேவிட் காப்பர்ஃபீல்டு' எழுதியிருந்தார். அதே சாயல் தன்னை அறியாமல் வந்துவிடக் கூடாதென்று அதை முழுக்க ஒருமுறை படித்துவிட்டுத்தான் இதில் கை வைத்தார்.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். 'பெரும் எதிர்பார்ப்புகள்' என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருள்தான் வரும். அந்தக் கால ஆங்கிலத்தில் ஒருவனுக்கு 'எக்ஸ்பெக்டேஷன்ஸ்' இருக்கிறது என்றால், யாரோ ஒருவருடைய சொத்து அவனுக்கு வரப்போகிறது என்று அர்த்தம். உழைக்காத பணம், இன்னும் கைக்கு வராத பணம். நாவல் முழுவதும் அந்தப் பணம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

'கை' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். தமிழில் எத்தனை உறவுகளைக் கையை வைத்துச் சொல்கிறோம் என்று பாருங்கள். கைவிடுகிறோம், கைகழுவுகிறோம், கைப்பிடிக்கிறோம், கைத்தாங்கலாக அழைத்துப் போகிறோம். அடிப்பதும் கை நீட்டுவதுதான், பிச்சை கேட்பதும் கை நீட்டுவதுதான். பதிலுக்குச் செய்வதைக் கைம்மாறு என்கிறோம். இந்த நாவலைத் தமிழ் மனத்தோடு படித்தபோதுதான் டிக்கன்ஸ் இதைக் கைகளால் எழுதியிருக்கிறார் என்று எனக்குப் புலப்பட்டது. ஆங்கிலத் திறனாய்வாளர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் நம் மொழிக்குள் நின்று பார்க்கும்போது இது இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது.

கதை கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறது. ஏழு வயதுச் சிறுவன் பிப். பெற்றோரை அவன் பார்த்ததில்லை. கல்லில் வெட்டியிருக்கும் எழுத்தின் வடிவத்தைப் பார்த்து, அப்பா கட்டுமஸ்தான கறுத்த மனிதராக இருந்திருப்பார், அம்மா முகத்தில் புள்ளிகளோடு நோஞ்சானாக இருந்திருப்பாள் என்று முடிவு செய்கிறான். பக்கத்தில் ஐந்து தம்பி அண்ணன்மாருக்கு ஐந்து சின்னக் கற்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. கென்ட் மாவட்டத்துச் சதுப்பு நிலத்தில் கூலிங் என்ற ஊரின் தேவாலயத்தில் இப்படிப்பட்ட குழந்தைக் கல்லறைகள் 13 இன்றும் இருக்கின்றன. டிக்கன்ஸ் கடைசிக் காலத்தில் வாழ்ந்த கேட்ஸ்ஹில் வீட்டிலிருந்து நடந்து போய்வரக்கூடிய தொலைவு. நாவலில் அதை ஐந்தாகக் குறைத்துக்கொண்டார். உண்மையை அப்படியே எழுதியிருந்தால் வாசகர்கள் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

அந்தக் கல்லறைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கைதி எழுந்து வந்து பையனைப் பிடிக்கிறான். காலில் விலங்கு. ஆற்றில் நங்கூரமிட்டு நிற்கும் கைதிக் கப்பலிலிருந்து தப்பியவன். சிறைகள் நிரம்பி வழிந்ததால் பழைய போர்க்கப்பல்களைச் சிறையாக்கி வைத்திருந்த காலம் அது. டிக்கன்ஸ் சிறுவனாக சாத்தமில் இருந்தபோது மெட்வே ஆற்றில் அவற்றைப் பார்த்தவர். பையன் நடுங்கிக்கொண்டே அக்காள் வீட்டிலிருந்து சாப்பாடும், அவள் கணவன் ஜோவின் பட்டறையிலிருந்து ஓர் அரமும் திருடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஒரு சின்னக் கை நீட்டிய அந்தச் சாப்பாடுதான் பின்னால் ஒரு பெருஞ்செல்வமாகத் திரும்பி வரப்போகிறது.

பிப்பை வளர்த்தவள் அவனைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த அக்காள். 'கையால் வளர்த்தேன்' என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். தாய்ப்பால் இல்லாமல் கரண்டியாலும் புட்டியாலும் ஊட்டி வளர்த்தேன் என்பதுதான் அதன் பொருள். அன்றைய இங்கிலாந்தில் அப்படி வளர்ந்த குழந்தைகளில் பிழைத்தவை குறைவு என்பதால் அந்தப் பெருமையில் நியாயமும் உண்டு. ஆனால் பிப்புக்கு அந்தச் சொற்றொடர் விளங்கவில்லை. அக்காளின் கை கனமான கை, அது தன் மேலும் ஜோவின் மேலும் அடிக்கடி விழுகிறது, ஆக இரண்டு பேரையும் கையால் வளர்த்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறான். சிரிப்பு வரும் இடம்தான். எனக்கு அங்கே சிரிப்பு வந்ததில்லை. ஊட்டிய கையும் அடித்த கையும் ஒன்றேயாக இருந்தால் ஒரு குழந்தைக்கு அன்பு என்பது என்னவாகத் தெரியும்?

அடுத்து வருகிறது சாட்டிஸ் மாளிகை. கல்யாணத்தன்று மணமகன் ஏமாற்றிவிட, எட்டு மணி நாற்பது நிமிடத்தில் எல்லாக் கடிகாரங்களையும் நிறுத்தி, அதே கல்யாண உடையோடு பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் மிஸ் ஹாவிஷாம் அங்கே இருக்கிறாள். அவள் வளர்க்கும் எஸ்டெல்லா, விளையாட வந்த பிப்போடு சீட்டாடும்போதே அவன் கைகள் எவ்வளவு முரட்டுக் கைகள், பூட்ஸ் எவ்வளவு தடிமன் என்று சொல்லிவிடுகிறாள். வெளியே வந்து தனியாக நின்று பையன் தன் கைகளையே உற்றுப் பார்க்கிறான். அந்தக் கணம்வரை அவை அவனுக்குக் கைகள், அவ்வளவுதான். இன்னொருத்தியின் கண்ணால் முதன்முதலாக அவற்றைப் பார்த்தபோது அவை அவமானம் ஆகிவிட்டன. ஜோ தனக்கு நாகரிகம் கற்றுக்கொடுத்திருக்கக் கூடாதா என்று அன்றே மனத்துக்குள் ஜோவின் மேல் வருத்தம் பிறக்கிறது. அவன் அநாதையானது பெற்றோர் இறந்த நாளில்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்தச் சீட்டாட்ட நாளில் இன்னொரு முறை அநாதையானான் என்று தோன்றுகிறது. இருக்கும் ஒரே உறவை அவனே தள்ளிவைக்கத் தொடங்கியது அன்றுதான்.

பிறகு ஜோவின் பட்டறையில் முறைப்படி தொழில் பழகச் சேர்கிறான். ஒரு காலத்தில் அவன் ஏங்கிய வாழ்க்கை. இப்போதோ ஒரு பயம் அவனை வாட்டுகிறது. உடம்பெல்லாம் கரி பூசி, கறுத்த முகமும் கறுத்த கையுமாக வேலை செய்யும்போது நிமிர்ந்து பார்த்தால், பட்டறை ஜன்னலுக்கு வெளியே எஸ்டெல்லா நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பாளோ என்ற பயம்.

இந்த ஜன்னலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இது டிக்கன்ஸின் சொந்த ஜன்னல். 1824இல் அவருடைய தந்தை கடன்பட்டு மார்ஷல்சி கடன்காரர் சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயது சார்லஸ், ஹங்கர்போர்ட் படித்துறையருகே இருந்த வாரன் பூட்ஸ் மைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டான். வாரக் கூலி ஆறோ ஏழோ ஷில்லிங். மைப் புட்டியின் வாயை எண்ணெய்த் தாளால் மூடி, மேலே நீலத் தாள் சுற்றி, நூலால் கட்டி, ஓரத்தைச் சீராக வெட்டி, விலாசத் தாளை ஒட்ட வேண்டும். கை வேலை. தொழிற்சாலை பிறகு சாண்டோஸ் தெருவுக்கு மாறியபோது வெளிச்சத்துக்காகப் பையன்களை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். அவர்கள் கைவேகத்தைத் தெருவில் போவோர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருநாள் உள்ளே வந்த தந்தையும் அதைப் பார்த்தார். எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று மகன் வியந்தான். இதை டிக்கன்ஸ் தம் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் சொல்லியிருந்தார். 1870இல் டிக்கன்ஸ் மறைந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

அந்தத் தொழிற்சாலையில் பாப் ஃபேகின் என்றொரு பையன் இருந்தான். அவனும் அநாதை. நூலைக் கட்டும் முடிச்சை சார்லஸுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். ஒருநாள் சார்லஸுக்கு விலாவில் தாங்க முடியாத வலி வந்தபோது, வைக்கோலில் படுக்கவைத்து, காலி மைப் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி நெடுநேரம் ஒத்தடம் கொடுத்தவன். அந்தப் பையனுக்கு எழுத்தாளர் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் குழந்தைகளைத் திருடர்களாக்கும் கிழவனுக்கு ஃபேகின் என்று பெயர் வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று எத்தனையோ விளக்கங்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது இது: தன்னைத் தொழிலாளிப் பையன்களில் ஒருவனாகவே ஆக்கிவிடக்கூடிய அன்பு அது. அந்த அன்பைக் கண்டு சிறுவன் சார்லஸ் பயந்தான். பாப்புக்கு எழுதிய மன்னிப்புக் கடிதமாகவே ஜோ என்ற பாத்திரத்தை நான் படிக்கிறேன். இதற்கு ஆதாரம் காட்ட என்னால் முடியாது. ஆனால் வலியில் கிடப்பவனுக்குத் தொழிலாளிக் கை பணிவிடை செய்யும் காட்சி இந்த நாவலின் முடிவிலும் வருகிறது. அங்கே போகும்போது பாப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில் பழகும் நான்காம் ஆண்டில் லண்டன் வழக்கறிஞர் ஜாகர்ஸ் வந்து, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பிப்புக்குப் பெருஞ்சொத்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். பிப் கனவானாக வளர்க்கப்பட வேண்டுமாம். கொடுப்பவர் மிஸ் ஹாவிஷாம்தான், எஸ்டெல்லாவைத் தனக்காகவே வைத்திருக்கிறாள் என்று பிப் தானாகவே கதை கட்டிக்கொள்கிறான். இந்த ஜாகர்ஸ் வாசனைச் சோப்பு மணக்கும் பெரிய கைகளுக்குச் சொந்தக்காரர். குற்றவாளிகளுக்காக வாதாடிவிட்டு வந்ததும், அறையிலேயே இருக்கும் தொட்டியில், கட்சிக்காரர் ஒவ்வொருவரையும் கழுவித் தள்ளுவதுபோலக் கைகழுவுவார். சட்டத்தால் மனிதர்களைக் காப்பாற்றுகிறார், ஆனால் அவர்களில் யாருடைய ஒட்டும் தன் கையில் தங்கவிடுவதில்லை. லண்டன் வாழ்க்கை பிப்புக்குக் கற்றுக்கொடுப்பதும் இதே கைகழுவலைத்தான். கடன், மோதிரங்கள், துணிகள், வெட்டிப் பொழுது. அந்த ஆண்டுகளை டிக்கன்ஸ் நீளமாக எழுதியிருக்கிறார். நான் கடந்துபோகிறேன்.

27ஆம் அத்தியாயத்தில் ஜோ வந்துபோகிறான் அல்லவா? போகும்போது சொல்வதை என் சொற்களில் தருகிறேன். உலகத்தில் ஒருவன் இரும்புக் கொல்லன், ஒருவன் பொற்கொல்லன், இப்படிப் பிரிவுகள் இருக்கத்தான் செய்யும். நான் இந்த உடுப்பில் இருந்தால் தப்பாகத்தான் இருப்பேன். என்னைப் பார்க்கத் தோன்றினால் பட்டறை ஜன்னலில் தலையை நீட்டிப் பார், கரிந்த மேலாடையோடு, சம்மட்டியோடு, பழைய பட்டடைக்கல் முன் நிற்பேன், அங்கே என்னிடம் குறை தெரியாது என்கிறான். பிப் எந்த ஜன்னலைக் கண்டு பயந்தானோ, அதே ஜன்னலுக்கு ஜோ அவனை அழைக்கிறான். பிப்பின் நெற்றியை மெல்லத் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போகிறான். பிப் சுதாரித்துக்கொண்டு தெருவில் ஓடித் தேடும்போது அவன் இல்லை. அடுத்த நாள் சொந்த ஊருக்குப் போகும் பிப், ஜோ வீட்டில் தங்காமல் விடுதியில் தங்குகிறான். பிறகு பரிகாரமாக ஒரு மீனும் ஒரு பீப்பாய்ச் சிப்பியும் வாங்கி அனுப்புகிறான். தான் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் பண்டத்தை அனுப்பிவைக்கும் அந்த வழக்கம் இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கிறது.

பிப்புக்கு 23 வயது. மழையும் காற்றும் அடிக்கும் ஓர் இரவு. படியேறி வருகிறான் ஒரு முரட்டு மனிதன், கல்லறைத் தோட்டத்துக் கைதி மேக்விட்ச். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே ஆடு மேய்த்து, பாடுபட்டுச் சேர்த்த பணம் அத்தனையும் பிப்புக்கு அனுப்பியவன் அவன். ஆயுள் முழுவதற்கும் கடத்தப்பட்டவன் திரும்பி வந்தால் அன்றைய சட்டப்படி தூக்கு. தெரிந்தும் பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறான். வந்தவன் இரண்டு கைகளையும் நீட்டுகிறான். பிப்பின் கைகளைப் பிடித்து முத்தமிடுகிறான். பிப்புக்கு உடம்பு கூசுகிறது.

அந்த இரவில் ஒரு சின்னச் செயல் உண்டு. முன்பொருமுறை இவன் ஓர் ஆள் மூலம் பையனுக்கு இரண்டு ஒற்றைப் பவுன் நோட்டுகளை அனுப்பியிருந்தான். வந்தவன் யாரென்று தெரிந்த உடனே, இவன்தான் தன் செல்வத்தின் ஊற்று என்பது தெரிவதற்கு முன்பே, பிப் புத்தம்புது நோட்டுகள் இரண்டை எடுத்து நீட்டுகிறான். உங்கள் பணம் திரும்பிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்பதுபோல. மேக்விட்ச் அவற்றை மடித்து விளக்கில் காட்டி எரித்துச் சாம்பலைத் தட்டில் போடுகிறான். கைம்மாறு வேண்டாத மழையைப் பற்றி வள்ளுவர் பேசியது இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வரும். மேக்விட்ச் கடனைத் திரும்ப வாங்க வரவில்லை. ஆனால், உண்மையைச் சொல்ல வேண்டும், அவன் மழையும் இல்லை. தன்னை மிதித்த சமூகத்துக்கு எதிராக ஒரு கனவானைச் செய்துகாட்டிய கர்வம் அவனுக்கு இருக்கிறது. பிப்பை 'நான் செய்தவன்' என்கிறான். டிக்கன்ஸ் அவனைப் புனிதனாக்கவில்லை. அவனும் பிறந்த ஊரே தெரியாத அநாதைதான். பசிக்குத் திருடி, திருடியதற்காகச் சிறை போய், சிறையிலேயே வளர்ந்தவன்.

இதற்குப் பிறகு வரும் கண்டுபிடிப்பு கைகளின் வழியாகவே வருகிறது. ஜாகர்ஸ் வீட்டில் மோலி என்ற வேலைக்காரி. கொலை வழக்கிலிருந்து ஜாகர்ஸ் காப்பாற்றியவள். விருந்தினர் முன்னால் அவளைக் கூப்பிட்டு, தழும்பேறிய அவள் மணிக்கட்டுகளைக் காட்டச் சொல்வார். பின்னொரு நாள் உணவு வைக்கும்போது அவள் விரல்கள் பின்னல் வேலை செய்வதுபோல் அசைகின்றன. அந்த அசைவை பிப் எஸ்டெல்லாவிடம் பார்த்திருக்கிறான். சட்டென்று விளங்குகிறது. எஸ்டெல்லாவின் தாய் இவள்தான். தந்தை மேக்விட்ச் என்பதும் விரைவில் தெரிகிறது. கொல்லப்பட்டறைப் பையனின் கைகளைப் பார்த்து முகம் சுளித்த சீமாட்டி, விலங்கு கண்ட கைகளின் மகள். விக்டோரியா கால நாவல்களில் அநாதையின் பிறப்பு ரகசியம் வெளிப்படும்போது அவன் பெரும்பாலும் பெரிய குலத்துப் பிள்ளையாகவே இருப்பான். ஆலிவர் ட்விஸ்டும் அப்படித்தான். இருபது ஆண்டுகளுக்குப் பின் டிக்கன்ஸ் அந்தச் சூத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். அவருடைய துணிச்சல்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

பிப் பார்க்கப் போயிருக்கும் ஒருநாள் மிஸ் ஹாவிஷாமின் உடையில் தீப்பிடிக்கிறது. பிப் பாய்ந்து தன் மேலங்கியாலும் மேசைவிரிப்பாலும் அவளை மூடி அணைக்கிறான். எல்லாம் முடிந்து எழும்போதுதான் தன் இரண்டு கைகளும் வெந்திருப்பதைப் பார்க்கிறான். சுட்டது அவனுக்குத் தெரியவே இல்லை. கட்டுப் போட்ட கையோடுதான், துடுப்புப் போட முடியாமல், சுக்கான் பிடித்து, மேக்விட்ச்சை நாட்டைவிட்டுக் கடத்த தேம்ஸ் ஆற்றில் படகில் போகிறான். காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபடுகிறார்கள். மார்பில் பலத்த காயத்தோடு விலங்கு மாட்டப்பட்டுக் கிடக்கும் மேக்விட்ச்சின் பக்கத்தில் போய் உட்கார்கிறான் பிப். இனி இவன் உயிரோடு இருக்கும்வரை என் இடம் இதுதான் என்று உணர்கிறான். பழைய அருவருப்பு கரைந்துவிட்டது. ஜோவிடம் நான் நடந்துகொண்டதைவிட இவன் என்னிடம் எவ்வளவோ மேலாக நடந்திருக்கிறான் என்று அங்கேதான் அவனுக்கு உறைக்கிறது. எங்கே, எப்போது பிப் பெரியவன் ஆகிறான் என்று தேர்வில் கேட்பார்கள். நான் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.

நீதிமன்றத்தில் 32 ஆண்களும் பெண்களும் ஒரே நேரத்தில் நிறுத்தப்பட்டு மொத்தமாக மரண தண்டனை பெறுகிறார்கள். ஜன்னலில் மழைத்துளிகள் ஏப்ரல் வெயிலில் மின்னுகின்றன. கூண்டுக்கு வெளியே நின்றபடி, உள்ளிருந்து நீளும் கையை எல்லோரும் பார்க்க பிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். சொத்து முழுவதும் அரசுக்குப் போய்விடும். தண்டனை பெற்றவனின் உடைமையை அரசு பறிக்கும் அந்தச் சட்டம் 1870இல்தான் நீங்கியது. பிப்புக்குக் கிடைக்க இனி எதுவும் இல்லை. இருந்தும் மன்னிப்பு மனுக்கள் எழுதுகிறான், சிறை மருத்துவ அறைக்கு நாள் தவறாமல் போகிறான். பேச்சு நின்றுபோன நாட்களில் மேக்விட்ச் பிப்பின் கையை லேசாக அழுத்தியே பதில் சொல்கிறான். அந்த அழுத்தங்களின் மொழி பிப்புக்குப் புரியத் தொடங்குகிறது. உங்களுக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் உயிரோடிருக்கிறாள், நான் அவளை நேசிக்கிறேன் என்று கடைசியில் சொல்கிறான். மேக்விட்ச் எஞ்சிய பலத்தைத் திரட்டி அந்தக் கையைத் தன் உதட்டுக்குக் கொண்டுபோகிறான். அன்று கூசிய அதே கை.

மேக்விட்ச் இறந்த பிறகு பிப் காய்ச்சலில் விழுகிறான், கடனுக்காகக் கைது செய்ய ஆள் வருகிறது. பல நாள் பிதற்றலுக்குப் பின் கண் திறந்தால் ஜோவின் முகம். வாரக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்திருக்கிறான். குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கைகளிலும் ஏந்தி வண்டிக்குக் கொண்டுபோகிறான். வெந்நீர்ப் புட்டிகளோடு பாப் ஃபேகின் இங்கேதான் திரும்பி வருகிறான் என்று எனக்குப் படுகிறது. ஜோ இதற்குள், வீட்டைக் கவனிக்க வந்த ஊர்ப்பெண் பிட்டியிடம் எழுதக் கற்றிருக்கிறான். கருவிப் பெட்டியில் சம்மட்டி தேடுவதுபோல் பேனா தேடி, கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கடிதம் எழுத உட்காரும் காட்சியை, முதன்முதலாகக் கையெழுத்துப் போடக் கற்ற பெரியவர்களை வீட்டில் பார்த்தவர்கள் கண்ணீரோடுதான் படிக்க முடியும். பிப் தேறத் தேற ஜோ மறுபடியும் மரியாதையாக 'ஐயா' போடத் தொடங்குகிறான். ஒருநாள் விடியலில் சொல்லாமல் புறப்பட்டுவிடுகிறான். மேசையில் ஒரு ரசீது. 123 பவுன் 15 ஷில்லிங் 6 பென்ஸ் நகைக்கடைக் கடன், கட்டியாயிற்று. கொல்லன் சேமிப்பு.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஜோவுக்குக் கோபம் வரும். ஏழாம் அத்தியாயத்தில் தன் பிள்ளைப் பருவத்தைச் சொல்கிறான். அவன் தந்தை குடிகாரர். பட்டடைக்கல்லில் விழ வேண்டிய அடியெல்லாம் மனைவி மேலும் மகன் மேலும் விழுந்தது. தாயும் பிள்ளையும் ஓடிப் போவார்கள், அவர் தேடிப் பிடித்து இழுத்துவருவார், பையன் பள்ளிக்கூடம் போக முடியாது. ஜோவின் எழுத்தறிவின்மைக்குக் காரணம் அந்தக் கை. ஒரு பெண் வாழ்நாள் முழுக்க உழைத்து நொந்து சாவதைப் பார்த்தவன் நான், அதனால் தவறு செய்தாலும் எதிர்ப்பக்கம் தவறுவதே மேல் என்று முடிவு செய்தேன் என்கிறான். தன் கையை அவன் தெரிந்தே அடக்கி வைத்திருக்கிறான். பட்டறைக் கூலியாள் ஆர்லிக்கை ஒரே அடியில் கரித்தூளில் சாய்க்கத் தெரிந்த கை அது. பிப்பின் தோளில் அந்தக் கை படும்போது, ஆளை நசுக்கவும் முட்டை ஓட்டைத் தட்டவும் தெரிந்த நீராவிச் சம்மட்டி என்று டிக்கன்ஸ் உவமை சொல்கிறார்.

அவனுக்குக் கோபம் வெடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பிப்பை அழைத்துப்போக வந்த ஜாகர்ஸ், பழகுநனை இழப்பதற்கு நஷ்டஈடு என்ன வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். பட்டறைக்கு வந்த அந்தச் சின்னக் குழந்தையைப் பிரிவதைப் பணத்தால் ஈடுகட்டலாம் என்று நினைக்கிறீர்களா என்று சொல்லும்போதே ஜோவுக்குக் குரல் உடைகிறது, கண்ணைக் கையால் மூடிக்கொள்கிறான். ஜாகர்ஸ் விடாமல் கேட்டதும் முஷ்டியை மடக்கிக்கொண்டு சண்டைக்கே போய்விடுகிறான். குழந்தைக்கு யாராவது விலை வைத்தால் ஜோவுக்குக் கோபம் வரும். குழந்தையே தன்னை மறந்தால் வராது. கல்யாணப் பேச்சின்போது, அந்தச் சின்னக் குழந்தையையும் கூட்டிவா, பட்டறையில் அதற்கும் இடம் இருக்கிறது என்று பிப்பின் அக்காளிடம் சொன்னவன் அவன். அதைச் சொன்ன நாளில் அவன் பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. லண்டனுக்கு வந்த நாளிலும் கேட்கவில்லை. அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாளோ, இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

நாவலுக்கு இரண்டு முடிவுகள் உண்டு. முதலில் எழுதியதில் எஸ்டெல்லா வேறொருவரை மணந்துவிட்டாள். பிக்காடில்லி தெருவில் வண்டியை நிறுத்தி பிப்போடு கைகுலுக்கிவிட்டுப் போகிறாள். நண்பர் புல்வர் லிட்டன் கேட்டுக்கொண்டதால் டிக்கன்ஸ் மாற்றினார். இப்போது நாம் படிப்பதில் இடிந்த சாட்டிஸ் மாளிகைத் தோட்டத்தில் பிப் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறான். எது சரியான முடிவு என்று நூற்றாண்டுக்கு மேல் வாதம் நடக்கிறது. எனக்கு அந்த வாதத்தில் அக்கறை குறைவு. இரண்டு முடிவுக்கும் முன்னால், இரண்டிலும் மாறாமல் ஒரு காட்சி இருக்கிறது, நான் நாவலை மூடுவது அங்கேதான்.

பதினொரு ஆண்டுகள் கீழைநாட்டில் குமாஸ்தாவாக உழைத்துக் கடனை அடைத்துவிட்டு, ஒரு டிசம்பர் மாலையில் பிப் ஊர் திரும்புகிறான். சத்தமில்லாமல் கதவைத் திறந்து பார்க்கிறான். அடுப்பங்கரையில் தலை சற்று நரைத்த ஜோ உட்கார்ந்திருக்கிறான். முன்பு பிப் உட்காரும் மூலையில், ஜோவின் காலே அரணாக, பிப்பின் பழைய முக்காலியில் ஒரு சின்னப் பையன். அக்காள் இறந்த பின் ஜோ மணந்துகொண்ட பிட்டிக்குப் பிறந்தவன். உன் நினைவாகவே பிப் என்று பெயர் வைத்தோம் என்கிறான் ஜோ. சிறுவயதில் வீட்டுக்கு வந்த பெரியவர்கள் எல்லாம் பிப்பைப் பற்றிப் பேசும்போது அவன் தலைமயிரைக் கலைத்துக் கண்ணில் தள்ளிவிடுவார்கள். அது அவனுக்கு அறவே பிடிக்காது. இப்போது பெரியவன் பிப் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்கிறான். அவன் தலைமயிரைக் கலைக்கவில்லை.